தேனீயைப் பார்த்துவிட்டுச் செய்யட்டும்
வாசகர் கேள்வி – பதில்

மே 20 உலகத் தேனீ தினம். ஸ்லோவேனியாவில் பிறந்து, தேனீ வளர்ப்பைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்த ஆன்டன் யான்ஷாவின் பிறந்தநாளை ஒட்டி ஐ.நா. சபை அறிவித்தது. 2018 முதல் கொண்டாடி வருகிறார்கள். அதனால்தானோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் தேனீயைப் பற்றியவையே அதிகம். எனக்கு ரொம்பச் சந்தோஷம். மார்த்தாண்டம் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே தேன் பெட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். பால்வாடியில் வேலை பார்த்த காலமெல்லாம் ஒரு வாரத்தைத் தேனீக்கென்றே ஒதுக்கிவிடுவேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இந்தப் பதில்கள்.

டீச்சர், என் மகளுக்கு நாலு வயது. சம்மர் கேம்பில் தேனீ செய்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மஞ்சள், கறுப்பு சார்ட், ஒட்டுகிற கண், கம்பி எல்லாம் சேர்த்துக் கடையில் ஒரு செட் விற்கிறார்கள். அதை வாங்கிவிடட்டுமா? – வாசகி, கரூர்

வாங்க வேண்டாம் அம்மா. வீட்டிலேயே செய்துவிடலாம். ஆனால் கத்தரிக்கோலைக் கையில் எடுக்கும் முன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் நிஜத் தேனீ ஒன்றைக் காட்டிவிடுங்கள். நான் கேட்பது அது ஒன்றுதான். காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் பூத்த துளசிச் செடி பக்கத்தில் நின்றாலே போதும். முருங்கை பூத்திருந்தால் இன்னும் நல்லது. இரண்டு முழம் தள்ளி நின்று பேசாமல் பாருங்கள்.

கடை அட்டையில் சிரிக்கிற மஞ்சள் பந்து மாதிரி நம் ஊர்த் தேனீ இருக்காது. பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீ ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். பழுப்பும் கறுப்பும் கலந்த உடம்பு, வயிற்றில் வெளிர் வளையங்கள், மார்பில் பொடி ரோமம். பின்னங்கால் இரண்டையும் கவனிக்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கத்தில் மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ உருண்டை ஒட்டியிருந்தால் அது மகரந்தம். உடம்பெல்லாம் ஒட்டிய பொடியைத் தேனீயே காலால் வழித்து, உருட்டி, அங்கே சேர்த்து வைக்கிறது. அந்த உருண்டையைக் கண்டுபிடித்த பிள்ளை அதற்கப்புறம் எந்தத் தேனீயைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்க்கும்.

பார்த்தாயிற்றா? சரி, இனிச் செய்யலாம். தென்னை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் குரும்பைகளில் சின்னதும் பெரியதுமாக மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். சின்னது தலை, அடுத்தது மார்பு, நீளமானது வயிறு. மூன்றையும் ஈர்க்குச்சியால் கோத்துவிடுங்கள். குத்துகிற வேலை உங்களுடையது. வயிற்றில் கறுப்பு நூலைச் சுற்றுகிற வேலை பிள்ளையுடையது. விரலுக்கு அது நல்ல பயிற்சி. அவசரப்படுத்தாதீர்கள்.

கால் ஆறும் மார்பிலிருந்துதான் வர வேண்டும். பல படங்களில் வயிற்றில் ஒட்டியிருப்பார்கள், அது தப்பு. இறக்கை நாலு. பக்கத்துக்கு இரண்டு என்று அதுவும் மார்பிலேயே. கண்ணைக் கேட்டால் பிள்ளைகளுக்கு ஆச்சரியம் தாங்காது. பக்கவாட்டில் பெரிய கண் இரண்டு, உச்சியில் பொட்டு மாதிரி மூன்று, ஆக ஐந்து. மிளகை ஒட்டினால் பெரிய கண், கறுப்பு எள் ஒட்டினால் சின்னக் கண்.

இறக்கைக்கு எனக்குப் பிடித்தது அரச இலை. பழுத்து விழுந்த இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை அவ்வப்போது மாற்றி, சதை அழுகியதும் பழைய பல் தேய்க்கும் பிரஷால் மெல்லத் தடவினால் நரம்பு மட்டும் வலை போல நிற்கும். அதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். உங்களுக்கு நாள் இல்லை என்றால் பெரிய வெங்காயத்தின் சருகை எடுங்கள். அதிலும் கோடு கோடாக நரம்பு இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடே தெரிகிறது. இறக்கை அளவுக்கு வெட்டி மார்பில் ஒட்டிவிடுங்கள். கடைசியாகக் கொஞ்சம் அரிசி மாவில் மஞ்சள்தூள் சேர்த்துப் பிசைந்து பின்னங்கால் இரண்டிலும் ஒரு பொட்டு.

பூவரச மரம் பக்கத்தில் இருந்தால் இலையைச் சுருட்டி ஒரு பீப்பீயும் செய்து கொடுத்தனுப்புங்கள். ரீங்காரத்துக்கு ஆச்சு.

நான் அங்கன்வாடிப் பணியாளர். இருபது பிள்ளைகள். சாமான் வாங்கக் காசு கிடையாது. ஒரு வாரம் முழுக்க நடத்துகிற மாதிரி தேனீ விளையாட்டுகள் சொல்ல முடியுமா அக்கா? – வாசகி, தென்காசி

தாராளமாக. உங்களுக்குத்தான் இந்த முறை நிறைய எழுத ஆசை.

முதல் நாள் வாசனை விளையாட்டு. தேன் கூட்டு வாசலில் காவல் தேனீக்கள் நிற்கும். உள்ளே வருகிறது நம் கூட்டு ஆளா, அந்நியமா என்று மோந்து பார்த்துத்தான் விடும். பழைய துணியைச் சதுரமாகக் கிழித்து, ஏலக்காய் ஒரு கிழி, நசுக்கிய கறிவேப்பிலை ஒரு கிழி, கிராம்பு ஒரு கிழி என்று ஆளுக்கொன்று கட்டிக் கொடுங்கள். மூன்று கூடு, மூன்று வாசனை. வாசலில் நிற்கும் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்து, தன் கூட்டு ஆளை மட்டும் உள்ளே விட வேண்டும். பேசவே பேசாத பிள்ளைகூட இந்த விளையாட்டில் வாயைத் திறந்து "நீ வேற கூடு, போ" என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வேலை விளையாட்டு. ஒரு வேலைக்காரத் தேனீ வயது ஏற ஏற வேலையை மாற்றிக்கொண்டே போகும். அறையிலிருந்து வெளியே வந்ததும் முதல் வேலை அறைகளைச் சுத்தம் செய்வது. அப்புறம் புழுக்களுக்கு ஊட்டுவது, மெழுகு சுரந்து தேனடை கட்டுவது, வாசலில் காவல், கடைசியில்தான் வெளியே போய்ப் பூ தேடுவது. பிள்ளைகளை ஐந்து குழுவாகப் பிரித்து, கை தட்டும்போதெல்லாம் அடுத்த வேலைக்கு மாறச் சொல்லுங்கள். துடைப்பத்தைத் தொட மறுக்கிற பிள்ளையும் "நான் இப்பதான் பொறந்த தேனீ" என்று கூட்ட ஆரம்பித்துவிடும்.

நடன விளையாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். பூ நிறைந்த இடத்தைக் கண்டுவந்த தேனீ, கூட்டுக்குள்ளே இருட்டில், செங்குத்தான அடை மேல் வாலை ஆட்டிக்கொண்டே நேராகக் கொஞ்சம் ஓடும். பிறகு வளைந்து திரும்பி வந்து மறுபடி ஓடும். நேர்மேலாக ஓடினால் சூரியன் இருக்கும் திசையில் போ என்று அர்த்தம். சாய்ந்து ஓடினால் சூரியனிலிருந்து அவ்வளவு சாய்வாகப் போக வேண்டும். வாலை ஆட்டும் நேரம் கூடக் கூடத் தூரமும் கூடுதல். இதைப் படித்துச் சொன்ன கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பால்வாடிப் பிள்ளைகளுக்குக் கோணமெல்லாம் வேண்டாம். முற்றத்தில் ஒரு செம்பருத்தியை மறைத்து வையுங்கள். இடம் தெரிந்த பிள்ளை அந்தப் பக்கம் முகம் வைத்து, எத்தனை அடி போக வேண்டுமோ அத்தனை தடவை இடுப்பை ஆட்ட வேண்டும். மற்றவர்கள் எண்ணிக்கொண்டு தேடப் போகட்டும். எண்ணும் பழகும், திசையும் பழகும்.

தேனடையின் ஆறு மூலை அறையைக் காட்ட, ஆறு பட்டை பென்சில் ஏழு எடுங்கள். நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி, அடிப்பக்கத்தைக் காட்டுங்கள். இடைவெளியே இருக்காது. உருண்டைப் பேனா ஏழைக் கட்டினால் நடுவில் சந்து தெரியும். ஏன் தேனீ வட்டமாகக் கட்டவில்லை என்பது மூன்று வயசுப் பிள்ளைக்கும் விளங்கிவிடும். அச்சுப் பதிக்க வெண்டைக்காயை வெட்டாதீர்கள். அதற்குப் பெரும்பாலும் ஐந்து பட்டைதான். பூ அச்சுக்கு அழகாக இருக்கும், அடைக்கு ஒத்துவராது. சைக்கிள் கடையிலோ இரும்புக் கடையிலோ பெரிய நட்டு ஒன்று கேட்டு வாங்கி, சாயத்தில் தொட்டுப் பக்கத்தில் பக்கத்தில் பதித்தால் தேனடை தயார். பிள்ளை வாயில் போட முடியாத அளவு பெரிதாக இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள்.

சாயத்துக்கும் செலவில்லை. வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகுவர்த்தியால் நீங்கள் அறை அறையாக அழுத்தி வரைந்து வையுங்கள். தாளில் ஒன்றும் தெரியாது. பிள்ளை மஞ்சள் தண்ணீரைப் பஞ்சால் தொட்டுத் தடவினால் மெழுகு பட்ட இடத்தில் நிறம் ஏறாமல் அடை மட்டும் வெள்ளையாக எழும்பி வரும். அந்த அறைகளுக்குள் தே வரிசைச் சொற்களை எழுதலாம். தேன், தேள், தேர், தேரை, தேங்காய், தேக்கு. பிள்ளைகளே இன்னும் சொல்வார்கள்.

மகரந்தச் சேர்க்கையைக் காட்ட இரண்டு காகிதப் பூ போதும். ஒன்றின் நடுவில் மஞ்சள்தூள், மற்றதில் கோலமாவு. ஐஸ் குச்சி நுனியில் பஞ்சு சுற்றினால் அதுதான் தேனீ. இந்தப் பூவில் உட்கார்ந்து அந்தப் பூவுக்குப் போய்வந்தால் இரண்டின் பொடியும் கலந்திருக்கும். அப்படியே வெளியே கூட்டிப்போய்ப் பூசணிக் கொடியைக் காட்டுங்கள். பெண் பூவின் அடியில் குட்டிப் பூசணி இருக்கும், ஆண் பூவின் அடியில் வெறும் காம்பு. தேனீ வந்து பொடியைக் கொண்டு சேர்க்காவிட்டால் அந்தக் குட்டிப் பிஞ்சு பழுத்து உதிர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இட்லிப் பூவையும் தும்பைப் பூவையும் உறிஞ்சித்தான் நாமெல்லாம் பூவின் மதுரத்தை ருசி பார்த்தோம். ஆனால் சின்னப் பிள்ளைக்கு எது இட்லிப் பூ, எது அரளி என்று பிரித்துத் தெரியாது. அரளி விஷம். நீங்களே பறித்துக் கழுவிக் கொடுத்தால் ஒழிய, பூவை வாயில் வைக்க விடாதீர்கள்.

எங்கள் பையனுக்கு ஐந்து வயது. தேனீயைக் கண்டாலே அலறுகிறான். பால்கனியில் நிற்கவே மாட்டேன் என்கிறான். பயத்தைப் போக்க என்ன செய்யலாம்? – வாசகர், கோயம்புத்தூர்

"ஒன்றும் செய்யாது, பயப்படாதே" என்று சொல்லாதீர்கள் சார். அது கொட்டும் என்பது அவனுக்குத் தெரியும், அது உண்மையும்கூட. எப்போது கொட்டும் என்று சொல்லிக்கொடுங்கள். பூவில் வேலையாக இருக்கும் தேனீயை நாம் நசுக்காத, பிடிக்காத வரை அது நம்மைக் கவனிப்பதில்லை. தன் கூட்டுக்கு ஆபத்து என்று நினைத்தால் கொட்டும். நம்மைக் கொட்டினால் கொடுக்கு நம் தோலிலேயே மாட்டிக்கொண்டு அந்தத் தேனீ செத்துப்போகும். அதனால் சும்மா இருக்கிறவரைக் கொட்டுவதில் அதற்கு ஒரு லாபமும் இல்லை. ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது.

முதலில் ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே இருந்து துளசித் தொட்டியைப் பார்க்கட்டும். எத்தனை வந்தது என்று தாளில் கோடு போடச் சொல்லுங்கள். கணக்கெடுக்கிற வேலை கிடைத்ததும் பயம் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். அப்புறம் ஒரு தட்டில் கூழாங்கல் பரப்பி, கல் முழுகாமல் தண்ணீர் ஊற்றி, பால்கனி ஓரத்தில் வைக்கும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள். தேனீ கல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும். கோடையில் கூட்டைக் குளிரவைக்கவும் தண்ணீர் எடுத்துப்போகும். தட்டைத் தினமும் கழுவி மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசு வரும். எத்தனை நாளில் வெளியே வருவான் என்பது அவன் பாடு. கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

எங்கள் ஊரில் சுவர்ப் பொந்திலும் மூங்கில் குழாயிலும் கொசுத்தேனீ இருக்கும். எறும்பை விடக் கொஞ்சம் பெரிது, கொட்டவே கொட்டாது. வாசலில் மெழுகுக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். உறவினர் வீட்டில் எங்காவது இருந்தால் அதைக் காட்டிப் பழக்குவது ரொம்ப சுலபம்.

மகளின் மூன்றாவது பிறந்தநாளுக்குத் தேனீ மாதிரி தின்பண்டம் செய்ய ஆசை. நிறம் கலந்த கேக் வேண்டாம் என்று நினைக்கிறேன். – வாசகி, நாகர்கோவில்

நம்ம ஊர்க்காரி! உங்களுக்கு மட்டி வாழைப்பழம் இருக்க வேறென்ன வேண்டும்? மட்டி சின்னதாக, நுனி குவிந்து, தேனீ உடம்புக்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கும். தோலை உரித்து, விதை எடுத்த பேரீச்சம்பழத்தைத் தட்டையாக்கி மெல்லிய நாடாவாக வெட்டி, குறுக்கே மூன்று வரி சுற்றுங்கள். இறக்கைக்கு இளநீர் வழுக்கை. ரொம்பப் பிஞ்சும் இல்லாமல் முற்றலும் இல்லாமல் ஒரு பதத்தில் இருக்கும் வழுக்கையைக் கரண்டியால் வழித்து, இலை வடிவில் நறுக்கி, பழத்தின் மேல் நாலு கீறல் போட்டுச் செருகுங்கள். பளபளவென்று நிஜ இறக்கை மாதிரியே நிற்கும். எள்ளால் கண். பழம் கறுத்துவிடும் என்பதால் பரிமாறும் முன் செய்தால் போதும், ஐந்து நிமிட வேலை.

பசி அடங்க, தட்டு நடுவில் ஒரு குட்டித் தோசை, சுற்றிலும் ஆறு. ஒவ்வொன்றின் மேலும் கருப்பட்டிப் பாகு ஒரு சொட்டு. பிள்ளைகள் தேனடை என்று புரிந்துகொள்வார்கள். பெரியவர்களுக்கு அச்சு முறுக்கு வைத்துவிடுங்கள், அதுவும் அடை மாதிரிதான் இருக்கும்.

மூன்று வயதுக் கூட்டம் என்பதால் முழு நிலக்கடலை, கடலை மிட்டாய், சோளப்பொரி வேண்டாம். தொண்டையில் மாட்டும். திராட்சை வைத்தால் நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள். விருந்துக்கு வரும் கைக்குழந்தைகளுக்குத் தேன் சேர்த்த எதையும் கொடுக்காதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

பேரனுக்கு மூன்று மாதம். எங்கள் வீட்டில் சேனை வைக்கும்போதும் தேன்தான், வசம்பு உரசிக் கொடுக்கும்போதும் தேன்தான். மருமகள் கூடாது என்கிறாள். காட்டுத்தேன் சுத்தமானதுதானே? – வாசகி, மதுரை

உங்கள் மருமகள் சொல்வதுதான் சரி அம்மா. ஒரு வயது முடியும் வரை ஒரு துளிகூட வேண்டாம். தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் அது முளைக்காது. பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மலச்சிக்கல், பால் குடிக்கச் சக்தி இல்லாமை, மெலிந்த அழுகை, உடம்பு துவளுதல் என்று தொடங்கி மூச்சையே பாதிக்கும். காட்டுத்தேன், பெட்டித்தேன், கடைத்தேன் எல்லாவற்றிலும் இது இருக்கலாம். சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டு அடுப்பில் கொதிக்கவைத்தாலும் வித்து சாகாது. தேன் பெட்டி வைத்திருக்கும் எங்கள் வீட்டிலேயே கைக்குழந்தைக்குக் கொடுப்பதில்லை. சேனை வைக்கும் ஆசையைப் பேரனை மடியில் வைத்துக் கொஞ்சி, ஆசீர்வாதமாகவே செய்துவிடுங்கள். மூன்று மாதத்தில் தாய்ப்பால் மட்டும் போதும். வசம்பும் வேண்டாம்.

பள்ளிக்கூட ஆலமரத்தில் பெரிய தேன்கூடு தொங்குகிறது. பிள்ளைகளுக்குக் காட்டலாமா? கொட்டிவிட்டால் சுண்ணாம்பு தடவலாமா? – ஆசிரியர், தருமபுரி

அது மலைத்தேனீயாக இருக்கும். காட்டவே வேண்டாம் சார். அடுக்குத் தேனீ மாதிரி அது சாந்தமானது கிடையாது. கலைந்தால் கூட்டமாகத் துரத்தும். மரத்தடிக்குப் பிள்ளைகள் போகாதபடி கயிறு கட்டுங்கள். கல் எறியவோ, கீழே குப்பை கொளுத்திப் புகை போடவோ யாரையும் விடாதீர்கள். கூடு பிள்ளைகள் நடமாடும் இடத்தில் இருந்தால் தலைமையாசிரியர் வழியாகத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு கட்டடத்துக்குள் ஓடிக் கதவைச் சாத்த வேண்டும். இதை ஒரு நாள் ஒத்திகையாகவே நடத்திவிடலாம்.

சுண்ணாம்பு வேண்டாம், பிள்ளைத் தோலைப் புண்ணாக்கும். அந்த இடத்தை விட்டு நகர்ந்ததும் கொடுக்கை நகத்தால் சுரண்டி உடனே எடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதை விட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸைத் துணியில் சுற்றி ஒற்றுங்கள். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டியிருந்தாலும், பல இடங்களில் கொட்டியிருந்தாலும், முகம் வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும், வாந்தி எடுத்தாலும் 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

தேன் மிட்டாயில் தேன் இருக்கா டீச்சர்? அம்மா இல்லைங்கிறாங்க. – ஆறு வயது வாசகர், அம்மாவின் கையெழுத்தில், விருதுநகர்

அம்மா சொன்னது சரிதான் மக்கா. அரிசியும் உளுந்தும் அரைத்து, எண்ணெயில் பொரித்து, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டது அது. கடித்தால் வாயில் வழிகிறதே, அது பாகு. தேனீ செய்த தேன் அவ்வளவு மலிவாகக் கிடைக்காது. பூவிலிருந்து உறிஞ்சிய மதுரத்தில் முக்கால் பங்குகூடத் தண்ணீராக இருக்கும். அதைக் கூட்டில் இறக்கி, இறக்கையால் விசிறி விசிறித் தண்ணீரை வற்றவைத்து, ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்த பிறகுதான் அறையை மெழுகால் மூடும். ஒரு தேனீ தன் ஆயுளெல்லாம் உழைத்துச் செய்வது ஒரு டீஸ்பூனில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

இன்னொரு விஷயம் உனக்கு மட்டும். எங்கள் ஊர் ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதே இல்லை. ஜனவரி தொடங்கி ரப்பர் மரம் புது இலை விடும்போது இலைக்காம்பில் மதுரம் சுரக்கும், தேனீ அங்கே வந்து உறிஞ்சும். இதை உன் அம்மாவிடம் கேட்டுப் பார், தெரியுமா என்று. தெரியவில்லை என்றால் நீயே சொல்லிக்கொடு.